நெக்டார்ஸ் பாரில் ஃபிஷ் வாசித்ததை நேரில் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ரவி_எடிசன்

வணக்கம். ஃபிஷ் என்ற அமெரிக்க ராக் குழுவைக் கேட்கிற தமிழர்கள் இங்கே நாலைந்து பேராவது இருக்கிறீர்கள் என்று பழைய இழைகளைப் படித்தபோது தெரிந்தது. அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

நான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே 2017ல்தான். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 13 இரவு வாசித்தார்களே, அதில் ஒரு நாள் அலுவலக நண்பன் ஒருவன் என்னை இழுத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு டோனட் பெயர். வாசலில் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். ஏதோ கம்பெனி விளம்பரம் போல என்று தின்றுவிட்டு உள்ளே போனேன். அந்த 13 இரவிலும் ஒரு பாட்டைக்கூட அவர்கள் திரும்ப வாசிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அங்கிருந்து வருடம் வருடமாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது 1987, 88க்கு வந்திருக்கிறேன். வெர்மான்ட்டில் பர்லிங்டன் ஊரில் நெக்டார்ஸ் என்ற பாரில் வாசித்த பதிவுகள். கேட்டால் ஒரே குழப்பம். பின்னால் ஆட்கள் சத்தமாகப் பேசுகிறார்கள், கண்ணாடிக் கிளாஸ்கள் மோதுகின்றன, பத்து நிமிடம் உயிரைக் கொடுத்து வாசித்து முடித்தால் பத்துப் பேர் கைதட்டுகிறார்கள். அதே நேரம் இணையத்தில் எதைத் திறந்தாலும் அந்த பாரை ஏதோ கோயில் மாதிரி எழுதுகிறார்கள். இரண்டில் எது நிஜம்? அங்கே போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த அறை எப்படி இருந்தது? மக்கள் உண்மையில் கேட்டார்களா? இவர்கள் பெரிய ஆட்களாக வருவார்கள் என்று அப்போதே யாருக்காவது தோன்றியதா?

பார்த்தா_பாஸ்டன்

நெக்டார்ஸ் நான் போனதில்லை. ஆனால் அதற்கு அடுத்த படியைப் பார்த்தவன், அதைச் சொல்கிறேன்.

பாஸ்டனில் காமன்வெல்த் அவென்யூவில் பாரடைஸ் என்று ஒரு கிளப். சுமார் 600 பேர் நிற்கலாம். 1989 ஜனவரி 26. அப்போது நான் அங்கே மாணவன். கூடப் படித்த ஒருத்தி டிக்கெட் மிச்சம் இருக்கிறது என்றாள், போனேன். குழுவின் பெயரே அன்றுதான் காதில் விழுந்தது. வாசலுக்குப் போனால் பேருந்துகள் வந்து நிற்கின்றன. பர்லிங்டனிலிருந்து ரசிகர்கள் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். குளிரில் இறங்குகிறார்கள், எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், கல்யாணத்துக்கு வந்த மாதிரி.

கதை பிறகு தெரிந்தது. பாஸ்டனில் யாருக்கும் தெரியாத குழு என்பதால் கிளப் இவர்களுக்கு நாள் கொடுக்க மறுத்துவிட்டது. அதனால் ஜான் பலஸ்கா, பென் ஹன்டர் என்ற இரண்டு இளைஞர்கள் அந்த இரவுக்கு இடத்தையே வாடகைக்கு எடுத்தார்கள். பிறகு குழுவின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான். டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்துவிட்டது. உள்ளே பார்த்தபோது பாரில் பீர் ஊற்றுகிறவர்கள் இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரை ஒருவர் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இசை எனக்கு அன்றைக்குப் பாதிதான் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாப் பாட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடையில் ஒரு இசைத்தட்டு வராத குழுவுக்கு அது எப்படி என்று மண்டையைக் குடைந்தது. அதற்குப் பதில் நெக்டார்ஸில் இருக்கிறது. சேகர் அண்ணன் இந்த இழையைப் பார்த்தால் சொல்வார், அவர் அந்த ஊரில் படித்தவர்.

ஏரிக்கரை_சேகர்

பார்த்தா மாட்டிவிட்டான். சரி, எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

தம்பி ரவி, 1986 செப்டம்பரில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்துக்கு மண் அறிவியல் படிக்கப் போனேன். 1989 வரை பர்லிங்டன்தான். ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது பிடிபடாது. பல்கலைக்கழகம் மேட்டின் மேல். அங்கிருந்து மெயின் தெருவில் நடந்தால் ஒரே இறக்கம், நேராக ஷாம்ப்ளேன் ஏரியில் போய் நிற்கும். அந்த இறக்கத்தில் 188ஆம் எண் நெக்டார்ஸ். வாசலுக்கு மேலே பெயர்ப் பலகை சுற்றிக்கொண்டே இருக்கும். நெக்டார் ரோரிஸ் என்பவர் 1975ல் தொடங்கிய கடை, அவர் பெயரையே வைத்திருந்தார். பெர்னி சாண்டர்ஸ் அப்போது எங்கள் ஊர் மேயர், அவ்வளவு சின்ன ஊர்.

அது கோயிலும் இல்லை, கச்சேரி மண்டபமும் இல்லை. சாப்பாட்டுக் கடையோடு சேர்ந்த பார். உள்ளே நுழைந்ததும் உணவு மேடை, ஆவி பறக்கும் தட்டுகள், பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். அந்த வறுவலின் மேல் பழுப்பு நிறத்தில் கிரேவியை ஊற்றித் தருவார்கள். ஊர் முழுக்க அதற்குப் பேர் போனது அந்தக் கடை. நான் சைவம். 'கிரேவி வேண்டாம்' என்று முதல் நாள் சொன்னபோது கரண்டியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வரிசையில் என்னைப் பார்த்தாலே சும்மா வறுவலைத் தட்டில் போட்டு, உப்பை மட்டும் இரண்டு மடங்கு தூவி நீட்டுவார். அதற்காகவே எனக்கு அந்தக் கடை பிடித்தது.

இன்னும் உள்ளே போனால் தாழ்ந்த கூரை, நீளமான பார், மேஜைகள், ஒரு பக்கம் மேடை. மேடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வாசித்துக்கொண்டே டிராம்போலினில் குதிப்பார்களே, எல்லாரும் அதைப் பற்றியே கேட்கிறார்கள், அங்கே நாலு பேர் வாத்தியத்தோடு நிற்பதே பெரும்பாடு. ஜனவரியில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, உள்ளே நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை, சிகரெட் புகை, எண்ணெய் வாசம். உங்கள் பதிவில் வாசனை வராதது ஒரு விதத்தில் நல்லதுதான்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் காசு கிடையாது. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று படுகிறது. டிக்கெட் வாங்கியவன் கேட்பான், காசு கொடுத்திருக்கிறான் அல்லவா? இலவசமாக வந்தவன் கேட்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நாங்கள் அங்கே போனது சூடாக இருக்கிறது, வறுவல் இருக்கிறது, அறை நண்பன் போகிறான் என்பதற்காக. பாட்டு அதோடு வந்தது. பேசினோம். பரீட்சை பற்றி, ஊரிலிருந்து வந்த கடிதம் பற்றி, யார் யாரோடு சுற்றுகிறார்கள் என்பது பற்றி, கத்திப் பேசினோம். நீங்கள் கேட்கிற அந்தப் பேச்சுச் சத்தத்தில் என் குரலும் எங்கேயாவது இருக்கலாம், தமிழில்கூட.

இரண்டாவது, ஒரு நாள் வாசித்துவிட்டுப் போகிற ஏற்பாடு இல்லை. மாதத்துக்கு ஒரு முறை தொடர்ந்து மூன்று இரவு. ஒரு இரவில் இரண்டு மூன்று செட், அதாவது நடுவில் இடைவேளை விட்டு இரண்டு மூன்று பகுதி. மூன்று இரவும் பெரும்பாலும் அதே முகங்கள்தான், ஊரில் வேறு எங்கே போவது? நேற்று வாசித்ததையே இன்று வாசித்தால் முன்னால் உட்கார்ந்திருப்பவன் கொட்டாவி விடுவான், அது மேடையிலிருந்து தெரியும். அதனால் பாட்டை மாற்ற வேண்டும், இல்லை அதே பாட்டை வேறு எங்காவது கொண்டுபோக வேண்டும். நீ 2017ல் பார்த்து வியந்தாயே, 13 இரவு ஒரு பாட்டும் திரும்ப வராத விஷயம், அது திடீரென்று யாருக்கோ தோன்றிய யோசனை இல்லை. பேசிக்கொண்டிருக்கிற கூட்டத்துக்கு முன்னால் மூன்று இரவைத் தள்ள வேண்டிய நெருக்கடியில் பழகிய பழக்கம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1992ல் வந்த 'எ பிக்சர் ஆஃப் நெக்டார்' ஆல்பத்தின் உள் அட்டையில் அவர்களே நன்றி சொல்லி எழுதியிருக்கிறார்கள். அனுபவமும் இல்லாமல், இரண்டு செட்டுக்குத் தேவையான பாட்டும் இல்லாமல் போய் நின்றபோது நெக்டார் வாய்ப்புக் கொடுத்தார் என்று. அது 1984 டிசம்பர். மாடியில் வாசித்தார்கள், அப்புறம்தான் கீழே மேடை கிடைத்தது. அந்த ஆல்பத்தின் முகப்பில் ஒரு ஆரஞ்சுப் பழம் இருக்கும், உற்றுப் பார், தோலுக்குள் நெக்டாரின் முகம் தெரியும். எனக்கு அதை ஒரு ஆள் சுட்டிக்காட்டும் வரை தெரியாது, அதற்குப் பிறகு முகம் மட்டும்தான் தெரிகிறது, பழம் தெரிவதில்லை.

நான் போகத் தொடங்கியபோது நாலு பேராகிவிட்டார்கள். கிட்டாரில் ட்ரே அனஸ்டாசியோ, பேஸில் மைக் கார்டன், டிரம்ஸில் ஜான் ஃபிஷ்மேன், கீபோர்டில் பேஜ் மெக்கானல். முதலில் இன்னொரு கிட்டார்காரர் ஜெஃப் ஹோல்ட்ஸ்வர்த் இருந்தார், 1986ல் படிப்பு முடிந்து போய்விட்டார். 1983ல் எங்கள் பல்கலைக்கழக உணவு விடுதியில் முதல் முறை வாசித்தபோது பாடுகிற ஒலிவாங்கியை நிறுத்தத் தாங்கி இல்லாமல் ஹாக்கி மட்டையில் கட்டி நிறுத்தினார்கள் என்று சீனியர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மைக்கேல் ஜாக்சன் தட்டைப் போடு என்று கூட்டம் கேட்டதாம்.

ஒரே ஒரு இரவை மட்டும் கிட்டத்தில் சொல்கிறேன். தேதி கேட்காதே. 1988, ஏரியில் பனி உருகிக்கொண்டிருந்த சமயம். இரண்டாவது செட்டில் 'யூ என்ஜாய் மைசெல்ஃப்'. அதன் முதல் பாதி எழுதி வைத்த இசை, அதில் ஒரு பிசிறு இருக்காது. எழுதியது முடிந்து, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிற திறந்த பகுதிக்கு வந்ததும் எங்கேயோ மாட்டிக்கொண்டார்கள். ட்ரே ஒரு சின்னச் சங்கதியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கிறார். மற்ற மூவரும் அவர் எங்கே போகப்போகிறார் என்று காத்திருக்கிறார்கள், அவரோ அவர்களுக்காகக் காத்திருக்கிறார். மூன்று நாலு நிமிடம். பார் பக்கம் ஒருத்தன் 'போதும்டா' என்கிற தொனியில் ஏதோ கத்தினான், கொஞ்சம் பேர் சிரித்தார்கள். எங்கள் மேஜையில் வாடகை பற்றிய சண்டை. பேஜ் கீபோர்டில் ஒரே சுரக்கூட்டை அழுத்திக்கொண்டு விட்டுவிட்டார், கை அசையவில்லை. அது அடங்குகிற நேரத்தில் மைக் கீழே ரொம்ப மெதுவாக இரண்டு சுரம் போட்டார், அவ்வளவுதான். ஃபிஷ்மேன் உடனே பாதிச் சத்தத்தைக் குறைத்தார். ட்ரே வாசிப்பதையே நிறுத்திவிட்டுக் கேட்டார். வாடகைச் சண்டை பாதியில் நின்றது. யாரும் 'உஷ்' என்று சொல்லவில்லை. வறுவல் மேடையில் கரண்டிச் சத்தம் வந்தது, அது கேட்ட பிறகுதான் அறையே பேச்சை நிறுத்திவிட்டது என்று எனக்கு உறைத்தது. அப்புறம் அவர்கள் அதை எங்கே கொண்டுபோனார்கள் என்பதை என்னால் வார்த்தையில் சொல்ல முடியாது. முடிந்ததும் கைதட்டியது பத்துப் பேர் இல்லை.

அடுத்த பாட்டில் எல்லாரும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டோம். வாடகை முடிவாக வேண்டுமே.

பெரிய ஆட்களாக வருவார்கள் என்று தெரிந்ததா என்று கேட்டாய். இல்லை. என் அறை நண்பன் உள்ளூரிலேயே இதைவிட நல்ல குழு இருக்கிறது என்று சத்தியம் செய்வான். படிப்பு முடித்து பாங்க் வேலைக்கோ மரவேலைக்கோ போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தோம். 1989 மார்ச்சோடு நெக்டார்ஸ் இரவுகள் நின்றன, கூட்டம் அந்த அறைக்குள் அடங்கவில்லை. 1994 டிசம்பர் 30ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் முறை வாசித்தார்கள் என்று பேப்பரில் படித்தபோது மனைவியிடம் சொன்னேன், 'இந்தப் பையன்களை எனக்குத் தெரியும்' என்று. அவள் நம்பவில்லை, நம்பியிருக்கவும் வேண்டாம், அவர்களுக்கு என்னைத் தெரியாதே.

சந்தேகம்_சண்முகம்

எல்லாம் அழகாக எழுதுகிறீர்கள் சேகர் சார். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. என் மைத்துனன் காரில் இதைப் போட்டுவிட்டு 25 நிமிடம் ஒரே பாட்டு ஓட்டினான். எக்ஸிட் தாண்டியே போய்விட்டோம். நிதானத்தில் இருக்கிற மனிதன் கேட்கிற இசையா இது? எதையாவது இழுத்துவிட்டுக் கேட்டால்தான் புரியும் என்கிறார்களே. ஏதோ தோன்றியதை வாசிக்கிறார்கள், அதற்கு இத்தனை புராணமா?

கேசட்_கமலா

சண்முகம் சார், உங்கள் மைத்துனன் தப்பான இடத்தில் தொடங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் 'தோன்றியதை வாசிக்கிறார்கள்' என்பது மட்டும் சரியில்லை.

ட்ரே வெர்மான்ட்டில் எர்னி ஸ்டைர்ஸ் என்ற இசையமைப்பாளரிடம் போய் எழுதக் கற்றவர். ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்துகிற ஃபியூக் என்ற செவ்விசை வடிவத்தில் எழுதி, அதை ராக் குழுவுக்கு வாசிக்கக் கொடுத்தவர். திறந்த பகுதிக்கும் பயிற்சி உண்டு. வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் ஒரு சின்னச் சுழற்சியைத் தொடங்குவார், மற்ற மூவரும் அதோடு பொருந்துகிற மாதிரி ஒன்றைப் பிடிக்க வேண்டும். மற்ற மூவரும் நிலைத்துவிட்டார்கள் என்று காதுக்குத் தெரிந்தால் 'ஹே' என்று சொல்ல வேண்டும். நாலு பேரும் சொன்ன பிறகு அடுத்தவர் மாற்றுவார். தன் வாத்தியத்தைக் கவனிக்காமல் அடுத்தவனைக் கேட்கிற பயிற்சி. மணிக்கணக்கில் செய்திருக்கிறார்கள். சேகர் அண்ணன் சொன்ன அந்த இரவில் ட்ரே நிறுத்திவிட்டுக் கேட்டார் பாருங்கள், அந்தப் பழக்கத்தைத்தான் பிறகு இப்படிப் பாடமாக வைத்துக்கொண்டார்கள். போதையில் இருப்பவன் ஒரு மணி நேரம் அடுத்தவனைக் கேட்பானா, நீங்களே சொல்லுங்கள்.

நான் நெக்டார்ஸ் பார்த்தவள் இல்லை. 1993ல் படிக்க வந்து, கல்லூரிக் கணினியில் ரெக் மியூசிக் ஃபிஷ் என்ற யூஸ்நெட் குழுவை, அந்தக் காலத்து இணைய அரட்டைப் பலகையை, பார்த்து மாட்டிக்கொண்டவள். எனக்கு நெக்டார்ஸ் என்றால் கேசட்தான். குழு பதிவு செய்ய அனுமதித்தது, விற்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனை. முன்பின் தெரியாத ஒருவருக்குக் காலி கேசட்டும் திரும்பி வர ஸ்டாம்பும் வைத்து அனுப்பினால், பதிவு செய்து அனுப்பிவிடுவார். மேக்செல் 'எக்ஸ்எல் இரண்டு' என்கிற வகைக் கேசட், 90 நிமிடம். பக்கத்துக்கு 45 நிமிடம்தான் என்பதால் நல்ல இடத்தில் பாட்டு வெட்டுப்படும். ஒரு காப்பியிலிருந்து அடுத்த காப்பி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். எனக்கு வந்த 88ஆம் வருட டேப் ஒன்று எத்தனையாவது தலைமுறையோ, சிம்பல் சத்தம் மழை பெய்வது போல இருக்கும். அட்டையில் பாட்டு வரிசையைப் பச்சை மையில் எழுதி, ஓரத்தில் சின்னதாக ஒரு பசு வரைந்திருந்தார் அனுப்பியவர். இன்னும் இருக்கிறது.

பார்த்தா கேட்ட புதிருக்கும் இதுதான் பதில். தட்டு வராமலே எல்லாருக்கும் பாட்டு தெரிந்தது டேப் சுற்றியதால்தான்.

ரவி, தேதி விஷயத்தில் ஜாக்கிரதை. 'ஜுன்டா' ஆல்பத்தை 1992ல் மறுபடி வெளியிட்டபோது கடைசியில் 'சானிட்டி', 'இக்குலஸ்' என்று இரண்டு நேரடிப் பதிவுகளைச் சேர்த்தார்கள். அட்டையில் 1988 மே 3 என்று போட்டிருக்கும். அது உண்மையில் அந்த வருடம் ஜூலை 25ல் நெக்டார்ஸில் வாசித்தது. டேப்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆல்பத்திலேயே அப்படி என்றால் இணையத்தில் கிடக்கிற கோப்புகளின் பெயரை எவ்வளவு நம்புவது?

ரவி_எடிசன்

அக்கா, சேகர் ஐயா, இரண்டு பேருக்கும் கோடி நன்றி. மூன்று தடவை படித்துவிட்டேன். நண்பனுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன், வறுவல் விஷயத்தில் சிரித்துவிட்டு, இன்றைக்கு அவனும் கிரேவி இல்லாமல் சாப்பிட்டுப் பார்க்கிறானாம்.

ஐயா, ஒன்றே ஒன்று. 1988 மார்ச் 12. ட்ரே கல்லூரிக்கு ஆய்வேடாக எழுதிக் கொடுத்த கேம்ஹென்ஜ் கதையை முதல் முறையாக முழுக்க வாசித்த இரவு, நெக்டார்ஸில்தான். நீங்கள் அன்று இருந்தீர்களா?

ஏரிக்கரை_சேகர்

இல்லை தம்பி. அன்று எங்கே இருந்தேன் என்றுகூட நினைவில்லை, ஆய்வகத்தில் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்திருப்பேன். இன்றைக்கு அந்த இரவில் இருந்ததாகச் சொல்கிறவர்களை எல்லாம் கூட்டினால் மெயின் தெருவே கொள்ளாது. அறையில் எத்தனை பேர் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கதை, பல்லி மனிதர்கள், கொடுங்கோல் அரசன், பறிபோன புத்தகம், நடுநடுவே பேச்சு, பாட்டு, மறுபடி பேச்சு. இதை காசு கொடுத்து உட்கார்ந்த கூட்டத்துக்கு முன்னால் முதல் தடவை வாசித்துப் பார்க்க எவனுக்கும் தைரியம் வராது. பாரில் வந்தது. பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள், கவனிக்கிறவன் கேட்டுக்கொள்வான், நாளைக்கு மறுபடி மேடை இருக்கிறது. நெக்டார் கடைக்காரர் ஒருநாளும் 'இதை வாசிக்காதே' என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சண்முகம், கோபம் எல்லாம் இல்லை. நான் பீர்கூடக் குடிக்காதவன், உப்புப் போட்ட வறுவலில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்தக் கூட்டத்தில் குடித்தவர்களும் இழுத்தவர்களும் நிறைய, மறைக்க ஒன்றுமில்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'கொலராடோ 88' என்று 2006ல் வெளியிட்டார்கள். 1988 கோடையில் கொலராடோவில் டெல்லுரைட் என்ற மலை ஊருக்குப் போய், பத்து இருபது பேருக்கு முன்னால் பாரில் வாசித்தது. பாட்டுகள் சின்னது, ஒலி சுத்தம். காரில் போடுங்கள், எக்ஸிட் தவறாது.

இனி என் காரியம் ஒன்று. என் பழைய அறை நண்பன் மேஜை மேல் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்து நெக்டார்ஸில் பதிவு செய்த கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. எந்த வருடம் என்றுகூட எழுதவில்லை, 'மூன்றாவது ராத்திரி' என்று மட்டும் போட்டிருக்கிறான். என் டெக்கின் பெல்ட் போய் வருஷக்கணக்காகிறது. கடையில் கொடுத்தால் புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கேசட்_கமலா

அண்ணே, முதலில் எந்த டெக்கிலும் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள்! முப்பது வருடத்துக்கு மேல் அசையாமல் இருந்த டேப் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் அறும். கேசட்டின் கீழ்ப் பக்கம் நடுவில் சின்னப் பஞ்சு மாதிரி ஒரு திண்டு இருக்கும், பாருங்கள், பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கும். கூடு ஆணி போட்டதா, ஒட்டியதா? ஆணி என்றால் வேலை சுலபம், உள்ளே இருப்பதை எடுத்து வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம். நான் பென்சிலால் மெதுவாக முழுக்க ஒரு தடவை முன்னும் பின்னும் சுற்றிவிட்டுத்தான் எப்போதும் போடுவேன்.

என்னிடம் மூன்று தலை டெக் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. அனுப்பினால் கோப்பாக்கித் தருகிறேன். இந்த முறை ஸ்டாம்ப் வைக்க வேண்டாம்.

ஏரிக்கரை_சேகர்

பார்த்துவிட்டேன். ஐந்து ஆணி, திண்டு இருக்கிறது. தபாலில் போட மனம் வரவில்லை கமலா. உன் ஊருக்கு எடிசன் வழியாகத்தானே போக வேண்டும்?

ரவி_எடிசன்

ஐயா, எங்கே வர வேண்டும் என்று மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் கிளம்பிவிடுகிறேன். அக்கா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன், வண்டியில் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டு.

சந்தேகம்_சண்முகம்

கோப்பானதும் எனக்கும் ஒரு காப்பி. அந்த வாடகைச் சண்டை யார் ஜெயித்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.